தோள் பாட்டு

சதீஸ்குமாரின் ஆல்பம் வெளியானது தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில். அன்றைக்கு ஆலடியேந்தலுக்குக் குழாய்த் தண்ணீர் முறை. ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர் அது. அதைத் தவறவிட்டால் படுக்கையில் கிடக்கிற அய்யாவின் விரிப்புகளை அலச வழியில்லை. அதனால் தங்கமாரி விடிந்ததிலிருந்தே குடமும் வாளியுமாகக் குழாயடியில் நின்றாள். தம்பி சதீஸ்குமார் இரண்டு தடவை போன் அடித்திருந்தான். மூன்றாவது தடவை ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். பாட்டெல்லாம் வந்துவிட்டது, லிங்க் அனுப்பியிருக்கிறேன், கேள் என்றான். கேட்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனை ஜன்னலில் வைத்தாள்.

அன்று கேட்கவில்லை. அந்த வாரமும் கேட்கவில்லை. பாட்டு பிடிக்காது என்றில்லை. எட்டுப் பாட்டையும் கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும் என்று அவன் சொல்லியிருந்தான். முக்கால் மணி நேரம் சேர்ந்தாற்போல் கிடைத்தால் அவள் படுத்துவிடுவாள்.

அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. ஊர் அங்கன்வாடியில் உதவியாளர். எட்டரைக்குப் போய் இருபது பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிட்டு வர மூன்று மணியாகும். வீடு நாலு வீடு தள்ளித்தான். இடையில் இரண்டு தடவை ஓடிவந்து அய்யாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு ஓடுவாள். வீட்டுக்காரர் பால்ச்சாமி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். நல்லது பொல்லதுக்குத்தான் வருவார். மகள் ராஜேஸ்வரி மதுரையில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிறாள்.

அவளைப் பெற்ற அய்யா உக்கிரபாண்டி மூன்று வருஷத்துக்கு முன்னால் திருச்சுழி பஸ்ஸுக்கு நிற்கும்போது விழுந்தவர். வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. "போ" என்கிற ஒரு சொல் மட்டும் நின்றது. பசித்தாலும் போ, வலித்தாலும் போ, ஆள் வந்தாலும் போ. காலமெல்லாம் கருவேல மரம் வெட்டிக் கரிமூட்டம் போட்ட உடம்பு, படுத்த பிறகும் கனம் குறையவில்லை. நாளைக்கு ஏழெட்டுத் தடவை அவரைக் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி, நகர்த்தி, துடைத்து, மாற்றிப் போட வேண்டும். போன வருஷம் தொட்டு அவளுக்கு அடிவயிற்றில் ஏதோ இறங்கி இறங்கி வருகிற மாதிரி இருந்தது. நிற்கும்போது கூடும், படுத்தால் குறையும். வெளியே சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டே ஆறு மாதம் ஓட்டினாள். கார்த்திகையில் அருப்புக்கோட்டைக்குப் போய்க் காட்டியபோது டாக்டரம்மா பார்த்துவிட்டு, கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது, ஆபரேஷன் பண்ணித்தான் ஆக வேண்டும், அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்.

குடத்தை விடலாம். அய்யாவை யார் தூக்குவது? பால்ச்சாமிக்கு நாலு நாளுக்கு மேல் லீவு கிடையாது. ராஜேஸ்வரிக்குப் பரீட்சை. இருக்கிறது ஒரே தம்பி. அவனிடம் சொன்னாள். பதறிப்போனான் அவன். தையில் ஆல்பம் வந்துவிடும், அது முடிந்ததும் மாசியில் வந்து ஒரு மாதம் இருக்கிறேன், நீ தேதி வாங்கிக்கொள் என்றான். அவளும் மாசியில் தேதி வாங்கினாள்.

சதீஸ்குமார் அவளுக்குப் பத்து வயது இளையவன். அவனுக்கு மூன்று வயதாகும்போது அம்மா இறந்துபோனாள். அருப்புக்கோட்டைக் காலேஜில் பி.ஏ. படித்துவிட்டுச் சென்னைக்குப் போனான். பார்சல் குடோனில் வேலை. போனைப் பார்த்தே கிடாரு வாசிக்கக் கற்றுக்கொண்டான். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவான். இரண்டு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்து, வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் அந்த எட்டுப் பாட்டையும் பதிவு பண்ணினான். ஆல்பத்துக்கு 'கரிவாடை' என்று பேர் வைத்தான். எட்டும் அய்யாவைப் பற்றியவை. ஸ்டூடியோ மாடிப்படியில் நின்றுகொண்டு போன் போடுவான். மூட்டத்தில் கட்டையை அடுக்கியதும் மேலே தழையா, மண்ணா, எது முதலில் என்பான். தழைதான், அதுக்கு மேல ஈரமண் என்பாள். எத்தனை நாள் காவல் கிடப்பார் என்பான். ஆறு நாள் ஏழு நாள், எங்கேயாவது வெடிப்பு விட்டு நெருப்பு வெளியே வந்தால் கரி மிஞ்சாது, சாம்பல்தான், அதனால் ஆள் நகர முடியாது என்பாள். சோறு கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள், அவளுக்குத்தானே தெரியும். ஒரு கையால் அய்யாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே எல்லாம் சொன்னாள்.

ஆல்பம் வந்து இரண்டு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. கூடப் படித்த சேக்காளிகள் கேட்டார்கள், குடோனில் நாலு பேர் கேட்டார்கள், அவ்வளவுதான். போனில் தம்பி குரல் செத்துப்போய் இருந்தது. பாவம், மாசியில் ஊருக்கு வந்தால் நாலு நாள் நன்றாகச் சமைத்துப் போடவேண்டும் என்று நினைத்தாள். பிறகுதான் ஆபரேஷன் ஞாபகம் வந்தது.

மூன்றாவது வாரம் இணையப் பத்திரிகை ஒன்றில் ஒரு கட்டுரை வந்தது. அதைப் படித்த யாரோ மூன்றாவது பாட்டை மட்டும் ஒரு நிமிஷம் வெட்டிப் போட்டார்கள். அது பிடித்துக்கொண்டது. 'தோளு மேல' என்கிற பாட்டு. வேகாத வெயிலில் கண்மாய்க் கரையோரமாக அய்யா தன் மகனைத் தோளில் தூக்கிவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறார்.

கட்டாந்தரை சுடுதய்யா, காலெனக்கு நோகலையே
ஒத்தத் தோளு நீ கொடுக்க ஊரெனக்குத் தூரமில்லே

இந்த இரண்டு வரியையும் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் அவரவர் அப்பன் படத்தைப் போட்டார்கள். செத்துப்போன அப்பன், துபாயில் இருக்கிற அப்பன், பேச்சுவார்த்தை இல்லாத அப்பன், எல்லா அப்பனுக்கும் அந்தப் பாட்டு பொருந்தியது. அருப்புக்கோட்டைப் பஸ்ஸ்டாண்டில் டீக்கடையில் அது பாடுகிறது என்று பால்வண்டிக்காரர் வந்து சொன்னார்.

அங்கன்வாடி டீச்சர் முனீஸ்வரி காரியாபட்டியிலிருந்து வந்துபோகிறவள். வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. உக்கிரபாண்டியைக் கட்டிலில் கிடக்கிற ஆளாகத்தான் அவளுக்குத் தெரியும். அந்தக் கட்டுரையைப் போனில் வைத்துக்கொண்டு, தங்கமாரி சாம்பாரைக் கிண்டும்போது சத்தம் போட்டு வாசித்தாள். தமிழ்ப் பாட்டில் அம்மாக்கள் ஏராளம், உழைக்கிற அப்பன் ஒருவன் இவ்வளவு ஈரத்தோடு வந்ததில்லை என்று அதில் எழுதியிருந்தது. மூட்டத்தைப் பற்றிய நுணுக்கங்கள் மகன் அப்பன் பக்கத்திலேயே இருந்து பார்த்தவை என்றும் எழுதியிருந்தது. தோளில் தூக்கிக்கொண்டு போகிற இடம் வந்ததும் தங்கமாரி அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். டீச்சர் வாசித்துவிட்டு, உங்கய்யா இவ்வளவு பாசக்காரரா என்று கேட்டாள்.

"சாம்பாரு அடிப்பிடிக்கப் போகுது டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுப்பைத் தணித்தாள் தங்கமாரி.

உக்கிரபாண்டி கெட்ட மனுஷன் என்று சொல்ல முடியாது. பாசக்காரர் என்றும் சொல்ல முடியாது. மூட்டத்தில் கிடந்த நாள் போக மிச்ச நாள் குடித்துவிட்டுக் கிடப்பார். கோபம் வந்தால் கையில் எது இருக்கிறதோ அதால் அடிப்பார். அம்மா செத்த வருஷம் தங்கமாரி எட்டாவது படித்தாள். அடுப்பைப் பார், தம்பியைப் பார் என்று ஒரே சொல்லில் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டார். இரண்டு வருஷம் கழித்துத் தம்பியை ஒண்ணாவதில் சேர்த்துவிட்டதும் அவள்தான். பொம்பளைகளோடு கருவேலம் வெட்டப் போகிற வழியில் அவனைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவாள். இரண்டு பேருக்கும் செருப்பு கிடையாது. கண்மாய்க் கரை மண்ணில் அவன் கால் வைக்க மாட்டான். இரண்டு கிலோமீட்டர், அரிவாளை இடுப்பில் சொருகிக்கொண்டு அவனைத் தோளில் வைத்து நடப்பாள். அவளுக்கு அப்போது பதினைந்து வயது. ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ அப்படிப் போனது.

எட்டுப் பாட்டிலும் சேர்த்து அக்கா ஒரே இடத்தில் வருகிறாள் என்று பிறகு டீச்சர் சொன்னாள். ஆறாவது பாட்டில், அடுப்பு ஊதுகிறாள்.

தங்கமாரிக்குக் கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபப்படவும் தெம்பு வேண்டும். வீட்டுக்கு வந்து அய்யாவைப் புரட்டிப் போட்டு, முதுகில் பவுடர் அடித்துவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பாட்டுத்தானே, என்னமோ எழுதிவிட்டுப் போகிறான் என்று இருந்தது.

மாசித் தேதி போயிற்று. அந்த வாரம்தான் சென்னையில் அவனுக்குப் பெரிய மேடை. சித்திரைக்குத் தேதி மாற்றினாள். சித்திரையில் கோயம்புத்தூர், பாண்டிச்சேரி என்று காலேஜ் காலேஜாகக் கூப்பிட்டார்கள். அவன் போனில் அழுதான். "இப்ப விட்டேன்னா மறுபடி என்னயக் கூப்பிட மாட்டாங்கக்கா" என்றான். சரிப்பா, போய்ப் பாடு என்றாள். டாக்டரம்மாவிடம் மூன்றாவது தடவை போய் நிற்க வெட்கமாக இருந்ததால் தேதி கேட்காமல் விட்டுவிட்டாள்.

இதற்கிடையில் அய்யாவைப் பார்க்க ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் மதுரையிலிருந்து கேமராவோடு இரண்டு பேர். அப்புறம் ஒரு பேராசிரியர், பத்துப் பிள்ளைகளை வேனில் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்கள் வருகிறார்கள் என்றால் முதல் நாளே தம்பியிடமிருந்து போன் வந்துவிடும். அவள் அய்யாவுக்குச் சவரம் பண்ணி, குளிப்பாட்டி, வெள்ளைப் பனியன் போட்டுத் தூக்கிக்கொண்டுவந்து வேப்பமரத்து நிழலில் நாற்காலியில் வைக்க வேண்டும். பிள்ளைகள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். பேராசிரியர் பொன்னாடை போர்த்தினார். உக்கிரபாண்டி இடது கையால் அதை இழுத்துக் கீழே எறிந்து, "போ" என்றார். விருதையும் துணியையும் மதிக்காத உழைப்பாளி என்று அதைப் பற்றி எழுதினார்கள்.

கேமராக்காரர்களில் ஒருவன் நல்ல பிள்ளை. மரியாதையாகத்தான் கேட்டான். "நீங்க அய்யாவப் பாத்துக்க வேலைக்கு இருக்கீங்களாம்மா?"

"மக" என்றாள்.

அவன் நாக்கைக் கடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டான். பிறகு அய்யா தனியாக வந்தால்தான் படம் நன்றாக இருக்கும், கொஞ்சம் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்கிறீர்களா என்றும் கேட்டான். நகர்ந்துகொண்டாள். அவர்கள் போன பிறகு நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்க வேண்டியிருந்தது. வந்தவர்களில் ஒருத்தரிடம் ஒரு கை பிடிக்கச் சொல்லியிருக்கலாம் என்று தூக்கி முடித்த பிறகுதான் தோன்றியது.

ஆடி மாதம், மூன்றாவது கூட்டம் வந்துபோன மறுநாள், அங்கன்வாடியில் சோற்றுப் பானையை இறக்கிவைத்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எழுந்திருக்க முடியவில்லை. சேலை நனைந்திருந்தது. முனீஸ்வரி டீச்சர் ஆட்டோ பிடித்து அருப்புக்கோட்டைக்குக் கொண்டுபோனாள். டாக்டரம்மா சத்தம் போட்டார். இவ்வளவு நாள் எங்கேம்மா போனே என்று கேட்டார். தம்பி பாட்டு எழுதியிருக்கிறான் என்று அதற்குப் பதில் சொல்ல முடியாது. திங்கள்கிழமை ஆபரேஷன் என்று எழுதினார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றே தம்பிக்குப் போன் போட்டாள்.

"திங்கக்கெழம ஆபரேஷன். நீ ஞாயித்துக்கெழம வந்துரு. வரலேன்னா அய்யாவ உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போறேன்."

அவன் ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் வைத்துவிட்டாள். அவனிடம் இப்படி அவள் பேசியதே கிடையாது.

வந்துவிட்டான். கூடவே சந்தனம் என்று ஒரு சேக்காளி, கேமராப் பையோடு. அய்யாவைத் தானே வைத்துப் பார்த்துக்கொள்கிற நாட்களைத் துண்டு துண்டாகப் படம் பிடித்து நாலாவது பாட்டுக்கு வீடியோ பண்ணப் போவதாகத் தம்பி சொன்னான். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. கஞ்சி எந்தப் பதம், எந்தப் பக்கம் சாய்த்து ஊட்டினால் புரை ஏறாது, எந்த மாத்திரை எப்போது, எத்தனை மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும், இடுப்பில் புண் ஆரம்பித்திருக்கிற இடம் எது, தூக்கும்போது இடது கையைப் பிடிக்கவிடக் கூடாது, பிடித்தால் விடமாட்டார் என்று ஒரு மணி நேரம் சொன்னாள். அவன் போனில் குறித்துக்கொண்டான். ராஜேஸ்வரி மூன்று நாள் லீவில் வந்திருந்தாள். தாயும் மகளும் பஸ் ஏறினார்கள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சும்மா சொல்லக் கூடாது, அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருஷத்தில் முதல்முறையாகத் தங்கமாரி பகலில் தூங்கினாள். வலியோடுதான், ஆனாலும் தூங்கினாள்.

பக்கத்துக் கட்டிலில் முருகேஸ்வரி என்று ஒருத்தி. வீரசோழன் பக்கத்து ஊர்க்காரி, அவளுக்கும் வயிற்றில்தான் ஆபரேஷன். மூன்றாம் நாள் மத்தியானம் ராஜேஸ்வரி மாத்திரை வாங்கப் போயிருந்த நேரம், முருகேஸ்வரி போனில் சன்னமாகப் பாட்டு வைத்தாள். தோளு மேல. பாட்டு முடிந்ததும் திரும்பவும் அதையே வைத்தாள். தங்கமாரி தலையைத் திருப்பிப் பார்த்தபோது அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்கப்பாவும் இப்பிடித்தான்க்கா" என்றாள். "இதக் கேட்டாத்தான் எனக்கு அவுக மொகம் வருது. போட்டா ஒண்ணுகூடக் கெடையாது."

பாடுவது தன் தம்பி என்று தங்கமாரி சொல்லவில்லை. மறுபடி போடும்மா என்றாள். அன்றைக்குத்தான் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்டாள். நல்ல பாட்டு. தம்பி நன்றாகப் பாடியிருந்தான். வார்த்தை ஆரம்பிக்கும் முன்னால் கிடாருகூட இல்லாமல் அவன் வாய்க்குள் ஒரு மெட்டை முனகுகிறான். அதைக் கேட்டதும் அவளுக்கு உச்சந்தலை கூசியது. அது அவளுக்குத் தெரிந்த முனகல். தோளில் உட்கார்ந்து அவள் உச்சந்தலையில் தாடையை வைத்துக்கொண்டு, கண்மாய்க் கரை முடியும்வரைக்கும் இதைத்தான் முனகிக்கொண்டு வருவான். காதில் விழாது, மண்டை எலும்பில் அதிரும். பேசாம வாடா என்று அவன் தொடையில் கிள்ளுவாள்.

அய்யா தலையில் அவன் முனகியது கிடையாது. அவனுக்கும் அது தெரியும். தெரிந்துதான் பாடியிருக்கிறான். மூன்றாவது தடவையும் பாட்டு ஓடி முடிந்தது. முருகேஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனை நெஞ்சில் வைத்தபடி தூங்கிப்போனாள்.

நான்காம் நாள் காலையில் சதீஸ்குமார் வந்தான். ராஜேஸ்வரி அன்று விடியக்காலை பஸ்ஸில் கிளம்பியிருந்தாள். பக்கத்து வீட்டு ஆளை அய்யா பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுகிறேன் என்று ஓடிவந்திருக்கிறான். கன்னத்தில் நகம் பட்ட கீறல். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சந்தனம் எங்கே என்று கேட்டாள். இரண்டாம் நாளே கிளம்பிவிட்டான் என்றான்.

"அக்கா. நேத்து அய்யாவ அடிச்சிட்டேன்."

"எங்க?"

"தொடையில. துணி மாத்தையில கையப் பிடிச்சுக்கிட்டாரு. போ போங்கிறாரு, கைய விட மாட்டேங்கிறாரு. எல்லாம் மேல பட்டுருச்சு. எப்பிடி அடிச்சேன்னு எனக்கே தெரியல."

தங்கமாரி அவன் கன்னத்துக் கீறலைப் பார்த்தாள்.

"நானும் அடிச்சிருக்கேன்" என்றாள். "நாலு தடவ."

அவன் அழுதான். முருகேஸ்வரி அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழுது முடித்துவிட்டு அந்தப் பாட்டு என்று ஆரம்பித்தான். தெரியும் என்றாள் அவள். அவன் நிறுத்தவில்லை, சொன்னான். முதலில் அக்கா என்றுதான் எழுதியிருந்தானாம். ஏழு பாட்டு அய்யாவைப் பற்றி இருக்கும்போது இது ஒன்று மட்டும் ஒட்டாமல் நிற்கிறது என்று ஸ்டூடியோவில் ஒலி சேர்க்கிறவர் சொன்னாராம். அக்காவும் அய்யாவும் ஒரே அளவுச் சொல். அக்காவை எடுத்துவிட்டு அய்யாவை வைத்தால் மெட்டு அப்படியே உட்கார்ந்துகொண்டது. அந்த வரியை அன்றைக்கு நாற்பது தடவை பாடினானாம். பாடப் பாட, அய்யாதான் தூக்கிக்கொண்டு போனார் என்று அவனுக்கே ஆகிவிட்டது. கேட்டவர்கள் எல்லாம் அழுத பிறகு மாற்ற மனம் வரவில்லை.

"பாட்டு நல்லாத்தான் இருக்கு. அதை ஒண்ணும் பண்ணாத" என்றாள் தங்கமாரி. "மாசத்துக்கு ஒரு வாரம் வந்து அய்யாவப் பாத்துக்க. அம்புட்டுத்தான் எனக்கு வேணும்."

வாரேன்க்கா என்றான். மணியைப் பார்த்தான். புரட்டிப்போடுகிற நேரம் என்று சொல்லிவிட்டு எழுந்து ஓடினான்.

இருபத்திரண்டு நாள் இருந்தான். இரண்டு மேடைகளை வேண்டாம் என்று சொல்லிவிட்டான். பத்தாவது நாளுக்கு மேல் கை பழகிவிட்டது. இடுப்புப் புண்ணைக்கூட ஆற்றிவிட்டான். உக்கிரபாண்டி அவனிடம் பணிந்துபோனார் என்று சொல்ல முடியாது. கையைப் பிடிப்பதை மட்டும் நிறுத்திக்கொண்டார். தங்கமாரி சுவரோரம் பாயில் படுத்துக்கொண்டு, மெதுவா, தலையப் பிடி, துணிய உருவு என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அவன் சென்னைக்குப் போன பிறகு பால்ச்சாமி எப்படியோ லீவு வாங்கிப் பத்து நாள் வந்து இருந்தார். ஆவணியில் தம்பி சொன்னபடி வந்தான், ஒரு வாரம் இல்லை, ஐந்து நாள். மற்ற நாட்களுக்குப் பக்கத்து வீட்டு ஆட்கள் கை கொடுத்தார்கள். எப்படியோ நகர்ந்தது.

ஆவணிக் கடைசியில் ஒருநாள் முனீஸ்வரி டீச்சர் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். சதீஸ்குமார் ஒரு பேட்டியில் உண்மையைச் சொல்லிவிட்டான். தோளில் தூக்கியது அய்யா இல்லை, என் அக்கா, நான் பொய் எழுதிவிட்டேன் என்று கேமராவைப் பார்த்துச் சொல்லிக் கும்பிட்டிருக்கிறான். இனிமேல் மேடையில் அக்கா என்றுதான் பாடுவேன் என்றும் சொல்லியிருக்கிறான். தங்கமாரியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதற்கப்புறம் நாலு நாள் அதே பேச்சு. எங்களை ஏமாற்றிவிட்டாய் என்று ஒரு கூட்டம் திட்டியது. அப்பன் படத்தைப் போட்டவர்களில் பலபேர் அதை எடுத்துவிட்டார்கள். எவ்வளவு நேர்மை என்று இன்னொரு கூட்டம் மெச்சியது. முதல் கட்டுரையை எழுதினவரே இரண்டாவது கட்டுரையும் எழுதினார். மறைக்கப்பட்ட அக்காதான் இந்த ஆல்பத்தின் உண்மையான நாயகி, இனி எட்டுப் பாட்டையும் புதிதாகக் கேட்க வேண்டும் என்றார். டீச்சர் வாசிக்க வாசிக்க, அந்த முருகேஸ்வரி இதைக் கேள்விப்பட்டிருப்பாளா என்று தங்கமாரி நினைத்தாள். கேள்விப்பட்டிருக்கக் கூடாது என்றிருந்தது.

மறு வாரம் தம்பியிடமிருந்து போன். மதுரைக்காரர்கள் திரும்பவும் வருகிறார்களாம். இந்தத் தடவை அக்காவைப் படம் பிடிக்க வேண்டுமாம், கண்மாய்க் கரையில் அப்படியே நடந்து வந்தால் போதுமாம்.

"வரச் சொல்லாத" என்றாள்.

"ஒனக்கு நல்லது பண்ணணும்னுதான்க்கா சொன்னேன்."

"தெரியும்டா. நாங் கேட்டது அது இல்லயே. மாசத்துக்கு ஒரு வாரம்னேன். அஞ்சு நாள்ல போயிட்ட."

அடுத்த மாதம் முழுசாக வருகிறேன் என்றான். எட்டு நாளாக வா என்றாள். அவன் கணக்காகக் கேட்டுக்கொண்டு சரி என்றான்.

சொல்லாமலே ஒரு குழு வந்தது. காலேஜுப் பிள்ளைகள், எல்லாம் பொம்பளைப் பிள்ளைகள். பார்க்கப் பாவமாக இருந்தது, திருச்சுழி ரோட்டில் இறங்கி வெயிலில் நடந்தே வந்திருந்தார்கள். தங்கமாரி அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். ஒரு பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களுக்கு என்ன தோணுச்சு, பாட்டுல உங்களை விட்டுட்டாங்களேன்னு வருத்தமா இருந்துச்சா என்று கேட்டாள். தங்கமாரி நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். இருந்திருக்கும், எப்போது என்று ஞாபகமில்லை. அதைச் சொல்லவில்லை. அய்யாவைப் புரட்டிப்போட வேண்டும், நீங்க நாலு பேரு ஒரு கை பிடிக்கிறீங்களா என்று கேட்டாள். பிள்ளைகள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் இரண்டு பேர் துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு உள்ளே வந்தார்கள். நன்றாகத்தான் பிடித்தார்கள். உக்கிரபாண்டி போ என்றார். அவர்கள் போனார்கள். யாரும் படம் எடுக்கவில்லை.

புரட்டாசியில் சதீஸ்குமார் ஒரு பையோடு வந்து இறங்கினான். எட்டு நாள் என்று வாசலில் நின்றே சொன்னான். ஆல்பத்தைப் பற்றி அவனும் பேசவில்லை, அவளும் கேட்கவில்லை. அடுத்தது எழுதுகிறாயா என்று மட்டும் சாப்பிடும்போது கேட்டாள். ஒன்றும் வரவில்லை என்றான். முகம் பெரியவன் முகமாக ஆகியிருந்தது. மேடைக்குக் கூப்பிடுவது குறைந்துவிட்டதாம், பாதிப் பேர் அய்யா என்று பாடச் சொல்கிறார்களாம், பாதிப் பேர் அக்கா என்கிறார்களாம். மறுபடி குடோனுக்கு வேலைக்குப் போகிறேன் என்றான். போ, அதுவும் வேலைதான் என்றாள்.

மறுநாள் அவள் திருப்பூருக்குப் பஸ் ஏறினாள். நாலு வருஷமாகப் பால்ச்சாமி வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊர். லைன் வீடு, ஒரே அறை, ஓயாமல் தையல் மிஷின் சத்தம். போய்ச் சேர்ந்த அன்று படுத்தவள் மறுநாள் மத்தியானம்தான் எழுந்தாள். பால்ச்சாமி வேலைக்குப் போகும் முன்பே சோறு வடித்து மூடிவைத்திருந்தார். சாயங்காலம் வந்து, எங்கேயாவது போய்ப் பார்க்கலாமா, கோயிலுக்குப் போகலாமா என்று கேட்டார். வேண்டாம், இப்படியே இருக்கிறேன் என்றாள். அவர் டீ போட்டுக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் தம்பி போன் போட்டான். காலையில் ஒருமுறை, நீல மாத்திரை எங்கே இருக்கிறது என்று. பதினொரு மணிக்கு ஒருமுறை, கஞ்சியைத் துப்புகிறார் என்று. ஆறவைத்துக் கொடு என்றாள். மத்தியானம் ஒருமுறை, தண்ணீர் முறை இன்றைக்கா நாளைக்கா என்று. நாளைக்கு என்றாள். அவன் குரலில் அலுப்பு இருந்தது, ஆனால் பயம் இல்லை.

நாலு மணிக்கு மறுபடி அடித்தது. தங்கமாரி தலைமாட்டில் கிடந்த போனைப் பார்த்தாள். அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டு, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.